சுவரைப் பார்த்து நின்ற கஸ்தூரி

கஸ்தூரி இறந்த செய்தி, ஐயப்பன்தாங்கல் பணிமனையில் நான் பேருந்து ஏறி உட்கார்ந்த நிமிடத்தில் வந்தது. அழைத்தவர் அவருடைய தம்பி. "அக்கா பூடுச்சு சார்" என்றார். நான்கு நாள் காய்ச்சல் நுரையீரலுக்குள் இறங்கி, பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் விடியும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. நாற்பத்தாறு வயது.

அஞ்சலிக் கட்டுரையில் எழுதத் தகாத ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது பயம். துக்கம் பிறகுதான் வந்தது. தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "அக்காவோட பை எங்க இருக்கு?" என்பது.

அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் மடியிலதான் கீது சார். நர்ஸம்மா வாங்கி வெக்கறேன்னாங்க, அக்கா குடுக்கவே இல்ல. தலகாணிக்கு அடியிலயே வெச்சிகினு இருந்துச்சு. மூச்சு வாங்கறப்பவும் அதைத்தான் தடவிப் பாத்துகினு இருந்துச்சு."

கஸ்தூரியை அறிந்த உங்களுக்கு அந்தப் பையில் என்ன இருந்தது என்று தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கூடங்களில் விரல் இழந்தவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதித் தருவது எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. நான் சட்டம் படித்தவன், மனு எழுதுவேன். கஸ்தூரி தொழிலாளர்களைச் சந்தித்து வாக்குமூலம் வாங்குவார், கைகளைப் படம் எடுப்பார், மருத்துவச் சீட்டுகளை ஸ்கேன் செய்வார், எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பார். மாங்காட்டில் பிறந்து, பேட்டையில் பல வருடம் பிரஸ் முன்னால் நின்று, பத்து விரலோடும் வெளியே வந்தவர். எங்களிடம் வாக்குமூலம் தருபவர்களில் பெரும்பாலோர் அடுத்த நாள் காலையும் அதே இயந்திரத்தின் முன் போய் நிற்க வேண்டியவர்கள். யார் பேசினார் என்பது கம்பெனிக்குத் தெரிந்தால் அவர்களுக்கு வேலை இல்லை. அந்தப் பெயர்கள்தான் பையில் இருந்தன.

மாங்காட்டில் அவருடைய வீட்டு வாசலில் போடப்பட்ட பந்தலின் கீழ் நின்றிருந்தபோது, இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "பாவம், பயந்த சுபாவம்." அன்பாகத்தான் சொன்னார்கள். நான் தலையசைத்தேன். அசைத்ததற்காக வெட்கப்படுகிறேன். அவர் பயந்தவர் என்பது உண்மை. ஆனால் அவர் எதற்காகப் பயந்தார், அந்தப் பயத்தைக்கொண்டு என்ன செய்தார், பயப்படாத நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லாமல் அந்த வார்த்தையை அவர்மேல் போர்த்திவிட்டுப் போக நான் விடமாட்டேன்.

முதல் நினைவு, அவர் எனக்குப் பாடம் கற்பித்த ஒரு மதியம். வீட்டில் உட்கார்ந்து மனு எழுத வசதியாக, அவருடைய டிஸ்க்கில் இருந்த வாக்குமூலங்களை என் சொந்த டிஸ்க்கில் நகலெடுத்து வைத்திருந்தேன். அவர் டிஸ்க் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. கணினிக்காரர்கள் அதைக் குறியாக்கம் என்பார்கள். கஸ்தூரி பூட்டு என்பார். என்னுடையதற்கும் பூட்டு போடச் சொல்லிப் பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் லேப்டாப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கே" என்றேன்.

அவர் என் டிஸ்க்கைப் பிடுங்கித் தன் கணினியில் செருகினார். ஒரு நொடி. பிறகு அதில் கிடந்த என் மனைவியின் மருந்துச் சீட்டை உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார்: "ஊட்டுக்காரம்மா சுகரு, சாப்பாட்டுக்கு முன்னாடி... சொல்லவா சார்? எதுத்தாப்ல மெஸ்ஸுக்குக் கேக்கற மாரி சொல்லட்டுமா?"

"போதும் கஸ்தூரி."

"உங்க லேப்டாப்பு பூட்டி கீது சார். டிஸ்க்கு இன்னா உங்க லேப்டாப்பையா கட்டிகினு கீது? எந்த ஊட்டுக்குப் போனாலும் குந்திகினு கதை சொல்லும்."

சிரித்தோம். பூட்டு போடுவதாக ஒப்புக்கொண்டேன். முழு டிஸ்க்கும் பூட்டப்பட ஒரு பகல் முழுக்க ஆகும், அதுவரை அதில் வேலை செய்ய முடியாது என்றார். புரட்டாசி நடந்துகொண்டிருந்தது, ஆயுத பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. நான் அப்போது சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: "விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சிடலாம். நல்ல நாள்."

"எடுக்க வர்றவன் காலண்டர் பாத்துகினா சார் வருவான்?" என்றார் கஸ்தூரி. சட்டம் படித்தவன், முதுகலைப் பட்டம் பெற்றவன், நல்ல நாளுக்குக் காத்திருந்தேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் கட்டட உரிமையாளரின் பட்டறை. ஆயுத பூஜைக்கு மேலே வாடகைக்கு இருக்கும் எல்லோரும் தங்கள் கருவிகளைக் கொண்டுபோய் அங்கே வைப்பது வழக்கம். லேத் வைத்திருப்பவர் தன் அளவுகோல்களை வைப்பார், தையல் யூனிட் பெண்கள் கத்தரிக்கோல்களை வைப்பார்கள். சந்தனம், குங்குமம், கற்பூரம், பொரி. வைத்த பொருளை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. பட்டறை பூட்டப்படும். சாவி உரிமையாளரிடம்.

நான் என் பழைய மைப்பேனாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உரிமையாளர் சிரித்தார். "இன்னா வக்கீல் சார், பேனாலாம் அந்தக் காலம். அந்தக் கருப்புப் பொட்டிதான உங்க ஆயுதம்? அத்தக் கொண்டாங்க."

எனக்கு அது மரியாதையாகத் தோன்றியது. மேலே போய் இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்தேன். கஸ்தூரி வாசலில் மறித்தார். "என்னோடத வெச்சுக்கங்க, பூட்டி கீது. உங்களோடது வேணாம் சார்."

"சாமிகிட்டதானே வைக்கிறோம்" என்றேன்.

"சாமிகிட்ட வெக்கறோம் சார். சாவி யாராண்ட கீது?"

அந்தப் பட்டறை எந்தக் கம்பெனிக்குச் சரக்கு செய்து கொடுக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதே கம்பெனியில் இரண்டு விரல் இழந்த ஒருவரின் வழக்கு அப்போது எங்களிடம் இருந்தது. அவரை இங்கே அன்பு என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயரல்ல. இருந்தும் நான் இரண்டு டிஸ்க்குகளையும் கொண்டுபோய் வைத்தேன். வாடகைதாரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மறுப்பது அநாகரிகம் என்று பட்டது. அநாகரிகத்துக்கு அஞ்சியவன் நான். பயந்த சுபாவம் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

கஸ்தூரி பின்னாலேயே வந்தார். இரண்டு டிஸ்க்கிலும் கேபிள் செருகும் வாயின் மேல் சிறு செல்லோடேப் துண்டு ஒட்டினார். அதன் மேல் சந்தனத்தைத் தடிமனாக அப்பினார். உரிமையாளர், "மூக்கை அடைச்சிட்டியேம்மா, மூச்சு விடாது" என்று கேலி செய்தார். "விடாட்டி நல்லதுதான் நைனா" என்றார் கஸ்தூரி. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பட்டறை திறந்தபோது முதலில் உள்ளே போனவர் அவர்தான். நான் போய்ச் சேர்ந்தபோது டிஸ்க்குகளுக்கு முன் குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒற்றை விரலால் சந்தனத்தைக் காட்டினார். கத்தரிக்கோல்களின் மேல் இருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அளவுகோல்களின் மேலும் அப்படித்தான். இரண்டு டிஸ்க்குகளின் வாயில் மட்டும் சந்தனம் ஈரமாக இருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினார். அடியில் டேப் இல்லை.

சுற்றிலும் ஆட்கள் தங்கள் கருவிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பொரி கொடுத்தார், கஸ்தூரி வாங்கிக்கொண்டார். என் கையில் இருந்த டிஸ்க் சில்லென்று இருந்தது. அவர் என் காதருகில் வந்து, உதடு அசையாமல், "சிரிங்க சார்" என்றார். "நமக்குத் தெரிஞ்சு போச்சுனு அவங்களுக்குத் தெரியக் கூடாது. சிரிச்சிகினே மேல ஏறுங்க." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சில சமயம் தோன்றுகிறது.

மேலே வந்து கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அவருடைய டிஸ்க் பூட்டியிருந்தது; அதற்குள் எவரும் போயிருக்க முடியாது. ஆனால் அதே வாக்குமூலங்கள் என் டிஸ்க்கில் திறந்து கிடந்தன. அவர் அத்தனை கவனமாகப் பூட்டிய வீட்டுக்கு நான் இன்னொரு வாசல் வைத்துக் கொடுத்திருந்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "எத்தினி பேர் பேரு சார் அதுல?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த வாரம் முழுவதும் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். "உங்க பேரு வெளிய போயிருக்கலாம். எங்க தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். என் தப்பு என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. இதை எனக்குச் சொன்னவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்.

காத்திருந்தோம். எதுவும் நடக்காத ஒவ்வொரு நாளும் நடந்த நாளைவிட மோசமாக இருந்தது. நான் டிபன் டப்பாவைத் திறந்து, மூடி, வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனேன். பிறகு ஒரு பிற்பகல் அன்பு படியேறி வந்து, நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

அவருடைய வாக்குமூலத்தில் ஒரு வரி உண்டு. கை உள்ளே போனால் பிரஸ் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் இருக்கும். உற்பத்தி தடைபடுகிறது என்று அதைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். அதை அன்பு தன் மொழியில் "சென்சாருக்குக் கண்ணைக் கட்டி உட்டாங்க" என்று சொல்லியிருந்தார். கஸ்தூரி அதை மாற்றாமல் பதிந்திருந்தார்; மனு இன்னும் தாக்கலாகவில்லை.

"இன்னிக்கு கேண்டீன்ல சூப்பர்வைசர் என் தட்டுல குழம்பு ஊத்தறான் சார். அவனே ஊத்தறான். ஊத்திகினே சொல்றான், 'இன்னா அன்பு, கண்ணைக் கட்டி உட்டோமா? யார் கண்ணை மாமே?' அவ்ளோதான் சார். சிரிச்சிட்டுப் பூட்டான்."

அந்த வார்த்தைகள் அன்பின் வாயிலிருந்து ஒரே ஒருமுறை, இந்த அறைக்குள் மட்டும் வெளிவந்தவை. அடுத்த வாரம் அவரை இயந்திரத்திலிருந்து எடுத்து, கம்பெனி கேட் அருகே கழிவு இரும்பு பொறுக்கப் போட்டார்கள். அவருக்காகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்த இருவரும் அழைப்பை எடுப்பதை நிறுத்தினார்கள்.

உரிமையாளர்தான் டிஸ்க்கைச் செருகினார் என்பதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. எனவே பெயரை எழுதவில்லை. அவர் இதைப் படிப்பார். நிதானமாகப் படிக்கட்டும்.

அதன்பிறகு கஸ்தூரி செய்ததைத்தான் நான் பயம் என்ற சொல்லுக்குப் பொருளாக வைத்திருக்கிறேன். புதிய டிஸ்க் ஒன்றில், முழுவதற்கும் ஒரே பூட்டு என்ற முறையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பூட்டிய பெட்டியாகப் பிரித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தத் தொழிலாளியே கடவுச்சொல் வைக்க வேண்டும். ஒரு சொல் போதாது. ஒரு முழு வாக்கியம். "ஊட்ல பேசற மாரி, போன்ல மெசேஜ் அடிக்கற மாரி இங்கிலீஷ் எழுத்துல அடி. பேரு வேணாம், பொறந்த நாள் வேணாம். எழுதி வெக்காத. மறந்தினா நானும் தொறக்க முடியாது, போலீசும் தொறக்க முடியாது, உனுக்கு அத்தோட காலி" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து, அறையின் மறுகோடிக்குப் போய், நாள்காட்டி தொங்கும் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். விரல் குறைந்த கைகள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை திரும்பமாட்டார்.

ஒருமுறை கேட்டேன். "உங்ககிட்ட இல்லாம யார்கிட்ட இருக்கணும் கஸ்தூரி? உங்களை நம்பித்தானே வர்றாங்க?"

"என்னிய நான் நம்பல சார்" என்றார். "எவனாச்சும் என் தம்பி கைய அந்த பிரஸ்ல வெச்சிகினு கேட்டான்னா சொல்லிடுவேன். தெரியலன்னா எப்படி சொல்றது?"

தன் துணிவின் மேல் நம்பிக்கை வைக்காத ஒருவர் கட்டிய பூட்டு அது. அதனால்தான் அது உறுதியாக இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு அன்பு ஒரு சான்றைக் கொண்டுவந்தார். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். அதைக் கொடுத்தவர் யார் என்பது வெளியே போனால் அவர் தொலைந்தார். அது திறக்காமல் போனால் அன்பின் வழக்கு தொலைந்தது. அன்பு அதைத் தன் போனிலிருந்து அழித்தார். அது இருந்தது பூட்டிய பெட்டிக்குள் மட்டும். விசாரணை நாள் குறித்தார்கள். கஸ்தூரிக்குக் காய்ச்சல் வந்தது.

பந்தலுக்கு உரிமையாளரும் வந்தார். பெரிய ரோஜா மாலை. கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து தோளைத் தொட்டார். "நல்ல பொண்ணு சார். வேலைலாம் நின்னுடக் கூடாதுல்ல? அந்த பாஸ்வேர்டு கீஸ்வேர்டுலாம் உங்களாண்ட சொல்லிட்டுதான போச்சு?"

உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவருடைய கை என் தோளில் இருந்தது. கஸ்தூரி என்னிடம் சொல்லியிருந்தால், அந்த நிமிடம் என் முகமே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். "இல்லை. யார்கிட்டயும் சொல்லலை" என்றேன். பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் செய்துவிட்டுத்தான் கஸ்தூரி உள்ளே படுத்திருந்தார். உரிமையாளர் என் முகத்தை ஆராய்ந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் காலை அன்பு வந்தார். தம்பி கொண்டுவந்து கொடுத்திருந்த பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். அன்பு கணினி முன் உட்கார்ந்து, விசைப்பலகையில் கை வைக்காமல் இருந்தார்.

"இன்னா சார் குந்திகினு கீறீங்க? அக்கா அந்தாண்ட திரும்பிக்கும்."

எழுந்து போய் நாள்காட்டியின் முன் நின்றேன். தாளைக் கிழிப்பது கஸ்தூரியின் வேலை. அவர் கடைசியாக வந்த நாளிலேயே அது நின்றிருந்தது. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று அச்சிட்டிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பின்னால் விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நின்றன.

"ராங்குனுது சார்."

"மெதுவா அடிங்க."

மறுபடியும் விசைகள். நீண்ட வாக்கியம். இத்தனை நீளமாக இவர் என்ன சொல்லியிருப்பார் என்று மனம் கேட்டது. கேட்காதே என்று அதட்டினேன். காது எழுத்துகளை எண்ணத் தொடங்கியது. எண்ணாமலிருக்க நாள்காட்டியை வாய்விட்டுப் படித்தேன்.

"ராங்கு." அவருடைய மூச்சு கேட்டது. "அக்கா பூட்டதுல இருந்து மண்டையே ஓடல சார். 'கீது'வா, 'கீதே'வா..."

"சொல்லாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அன்பு சிரித்தார். அவர் சிரித்து நான் பல மாதமாகக் கேட்டதில்லை. "அக்காவும் இப்படித்தான் சார் கத்தும்."

மூன்றாவது முறை விசைகள் விழுந்தன. முடிந்தன. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றியை அந்த நாள்காட்டியில் சாய்த்துக்கொண்டேன்.

"தொறந்துகிச்சு சார்."

சான்றை விசாரணையில் தாக்கல் செய்துவிட்டோம். கொடுத்தவரைக் காட்டக்கூடிய எதுவும் அதில் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். தீர்ப்பு வரவில்லை. எங்கள் பயமும் தீரவில்லை.

பூஜைக்கு வைத்த என் பழைய டிஸ்க் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை அதன்பிறகு நான் எதிலும் செருகவில்லை. அதன் வாயில் அந்தச் சந்தனம் இப்போது கல்லாகிவிட்டது. அதை வைத்திருப்பது கஸ்தூரியின் நினைவுக்காக அல்ல. என்னை நான் மறந்துவிடாமலிருக்க. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. நேற்று புதிதாக ஒருவர் வந்தார். இடது கையில் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. வாக்குமூலம் முடிந்ததும் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எழுதி வைக்கக் கூடாது, மறக்கக் கூடாது என்று சொன்னேன். "நீங்க எங்க சார் போறீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.